குதிரை முதுகில் ஒரு திமில்

நியூவார்க் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறந்தார். பருப்புப் பொடி, எள்ளுருண்டை, மாதிரிக்குக் கொண்டுபோன மேஜை விரிப்புகள் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, அடியில் இருந்த சின்ன டப்பாவை எடுத்தார். உள்ளே பஞ்சுக்கு நடுவில் சிவப்பு அரக்கு வில்லை ஒன்று. அதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்து, "இது சாப்பிடுவதா?" என்று கேட்டார்.

"இல்லை. ஒரு பழைய ரோமானியக் காசை அரக்கில் அழுத்தி எடுத்த பதிவு."

"காசு எங்கே?"

"கரூரில், என் வீட்டு பீரோவில்."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். காசை வீட்டில் வைத்துவிட்டு அதன் தடத்தைச் சுமந்துகொண்டு கடல் தாண்டி வந்த ஆளை அவர் அதற்குமுன் பார்த்திருக்க மாட்டார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை நம் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது என்ற சட்டத்தை விளக்க என் இங்கிலீஷும் போதாது, பொறுமையும் போதாது. நல்லவேளை, பின்னால் ஒருவரின் பெட்டியிலிருந்து ஊறுகாய் எண்ணெய் ஒழுகிக்கொண்டிருந்தது. அதிகாரியின் கவனம் அங்கே போய்விட்டது.

இது 1999 கோடை. தொழில் என்று கேட்டால், கரூரில் துண்டும் மேஜை விரிப்பும் நெய்து ஏற்றுமதி செய்கிறேன். நியூயார்க்கில் இரண்டு வியாபாரிகளைப் பார்க்க வேண்டியிருந்தது. வீட்டில் சொன்ன காரணம் அதுதான். உண்மையான காரணம் அந்த அரக்கு வில்லை.

எங்கள் ஊரில் அமராவதி ஆற்று மணலைச் சலித்துப் பொன் துகள் தேடுகிறவர்கள் உண்டு. பொன் கிடைத்தால் ஆசாரியிடம் போகும். செம்பு கிடைத்தால் என்னிடம் வரும். ரோமாபுரியின் தங்கக் காசும் வெள்ளிக் காசும் என்றால் மியூசியம், பத்திரிகை, போட்டோ என்று அமர்க்களப்படும். அவர்களுடைய செம்புச் சில்லறையை ஒருத்தரும் சீந்துவதில்லை. சுண்டுவிரல் நகம் அளவுதான் இருக்கும், ஊதினால் பறந்துவிடும். அந்தக் காலத்துக் கடைத்தெருவில் ஒரு கட்டுக் கீரைக்கு எத்தனை கொடுத்தார்களோ, யார் கண்டது. எனக்கு அதில்தான் பைத்தியம். என் மனைவி சரசு அதைப் 'பொடிக்காசுப் பைத்தியம்' என்பாள்.

அப்படி வந்த காசுகளில் ஒன்றின் முன்பக்கம் ஒரு ராஜாவின் தேய்ந்த தலை. பின்பக்கம் ஒரு வீரன், குதிரையோடு விழுந்து கிடக்கும் எதிரியை ஈட்டியால் குத்துகிறான். இந்தச் சித்திரம் ரோமானியக் காசுகளில் சகஜம். ஆனால் என் காசில் இருந்த குதிரைக்கு முதுகில் ஒரு திமில் இருந்தது. ரோமாபுரிக் குதிரைக்கு ஏது திமில்? குதிரையை அதிகம் பார்க்காத, காங்கேயம் காளையைத் தினமும் பார்த்துப் பழகின ஒருவன்தான் இப்படிச் செதுக்குவான். அப்படியென்றால் இந்தக் காசு ரோமிலிருந்து வந்ததில்லை. கரூரிலேயே, சில்லறைத் தட்டுப்பாட்டுக்காக, நம் ஆள் ஒருவன் ரோமானியக் காசைப் பார்த்து அச்சு வெட்டி அடித்தது. இதை எழுதி ஒரு நாணய இதழில் வெளியிட்டேன். என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவையில் நடந்த நாணயக் கூட்டத்தில் ஒரு பேராசிரியர் எழுந்தார். "அது திமில் இல்லைங்க, களிம்பு," என்றார். அவ்வளவுதான் சொன்னார். கூட்டம் சிரித்தது. பின்வரிசையில் ஒருத்தர் 'ம்மா' என்று மாடு மாதிரி கத்தினார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கழுவிப் பார்த்துவிடலாமே என்று நண்பர்கள் சொன்னார்கள். கழுவுவதாவது! பழங்காசின் மேல் படிந்த பச்சைக் களிம்பைத் தொடக் கூடாது என்பது எங்கள் வட்டாரத்தில் வேதவாக்கு. என் வீட்டில் யாருக்கும் அந்தக் காசைத் தொடுவதற்கே அனுமதி இல்லை.

எனக்கு ஒரே வழிதான் இருந்தது. அதே அச்சில் அடித்த இன்னொரு காசு வேண்டும். அதிலும் திமில் இருந்தால் அது களிம்பு இல்லை, செதுக்கியது. அதே அச்சுதான் என்று கண்டுபிடிப்பது சுலபம். என் காசில் குதிரையின் பின்னங்காலிலிருந்து விளிம்பு வரை மயிரிழைபோல ஒரு கோடு ஓடும். அச்சில் விட்ட விரிசல் அது. அந்த அச்சில் அடித்த மற்ற காசிலும் அதே கோடு விழுந்திருக்கும்.

என் கட்டுரையைப் படித்துவிட்டு, அமெரிக்காவில் ஹூஸ்டனிலிருந்து வால்டர் என்ற பெரியவர் எழுதினார். குழாய் என்ஜினியராக இருந்து ஓய்வுபெற்றவர். அறுபதுகளில் வேலையாக மெட்ராஸில் இருந்தபோது பொடிக்காசுகள் கொஞ்சம் வாங்கினாராம். அதில் ஒன்றில் குதிரை இருக்கிறது, நான் சொன்ன கோடும் இருக்கிறது, குதிரையின் முதுகு மட்டும் அழுக்கில் மறைந்திருக்கிறது, தன் கண்ணுக்குத் தெரியவில்லை, நேரில் வந்து பாருங்கள் என்று எழுதியிருந்தார். வசந்த காலத்தில் வருவதாகப் பதில் போட்டேன். விசா இழுத்தடித்து, கோடையில்தான் வந்து சேர்ந்தேன்.

நியூஜெர்சி எடிசனில் என் அக்கா மகள் வசந்தியின் வீடு. அவள் கணவன் அந்த வருஷம் பொழுது விடிந்தால் ஒய்-டூ-கே, அடைந்தால் ஒய்-டூ-கே என்று திரிந்தான். இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர்களெல்லாம் குழம்பிவிடுமாம். பதினாறு நூற்றாண்டு தாண்டி வந்த காசுகளோடு புழங்குகிறவனுக்கு இந்தப் பயம் அவ்வளவாக ஏறவில்லை.

முதல் நாள் சாப்பாடு இட்லியும் சாம்பாரும். சும்மா சொல்லக்கூடாது, சாம்பார் எங்கள் ஊர்க் கல்யாண சாம்பாரைவிட நன்றாக இருந்தது. இட்லி மட்டும் மாவு பொங்காமல் தட்டையாக இருந்தது. வசந்தி மாவுச் சட்டியை ஓவன் அடுப்புக்குள் வைத்து அதன் விளக்கைப் போட்டு விடுகிறாள். அப்படி வைத்தால்தான் புளிக்கும் என்றாள்.

மறுநாள் நியூயார்க் ரயிலில் போய்விட்டுத் திரும்பும்போது மாட்டிக்கொண்டேன். எடிசன் வந்தது, ரயில் நின்றது, கதவு திறக்கவில்லை. பொத்தானை அழுத்தினேன், தட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த கறுப்பின அம்மாள் பின்னல் வேலையிலிருந்து கண்ணெடுக்காமல், "கடைசிப் பெட்டிகளின் கதவு இங்கே திறக்காது கண்ணே, பிளாட்பாரம் அவ்வளவு நீளம் இல்லை," என்றார். ரயில் புறப்பட்டுவிட்டது. நம் ஊர் என்றால் குதித்திருப்பேன். அடுத்த ஊரில் இறங்கி, எதிர்த்திசை ரயிலுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். காலடியில் ஒரு பென்னி கிடந்தது. அவர்கள் ஊரின் ஆகச் சின்னக் காசு. எத்தனையோ பேர் தாண்டிப் போனார்கள், ஒருவரும் குனியவில்லை. நான் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

வசந்தியோடு கடைக்குப் போனபோதும் இதே கதை. வாசலில் கிடந்ததை நான் எடுக்க, அவள் பதறினாள்.

"ஐயோ மாமா, கீழ கெடக்கறதையெல்லாம் எடுக்காதீங்க. எல்லாரும் பாக்கறாங்க."

"காசுதானே சாமி?"

"பென்னிங்க மாமா. வீட்ல ஒரு ஜாடி நெறைய கெடக்குது. எடுத்துட்டுப் போனா கடைக்காரனே மூஞ்சியச் சுளிக்கறான்."

அவளுடைய ஆறு வயசு மகள் இங்கிலீஷில், "நான் அதில் விஷிங் வெல் விளையாடுவேன், ஏதாவது வேண்டிக்கொண்டு தண்ணியில் போட்டுவிடுவேன்," என்றாள். நம் ஊரில் சில்லறைக்குக் கண்டக்டரிடம் சண்டை, மளிகைக் கடையில் மிச்சத்துக்குப் பதில் மிட்டாய். இங்கே சில்லறையைத் தண்ணீரில் போடுகிறார்கள். அமராவதியில் எதற்கு இத்தனை பொடிக்காசு கிடைக்கிறது என்று பெரிய பெரிய விளக்கமெல்லாம் எழுதியிருக்கிறார்கள். நானும் எழுதியிருக்கிறேன். அந்தக் குழந்தையிடம் கேட்டிருக்கலாம்.

ஹூஸ்டனில் விமானத்தை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அடித்த வெப்பம் கரூர்ச் சித்திரையை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. வசந்தியின் தம்பி மணி வந்திருந்தான். கல்யாணமாகாத பையன், கம்ப்யூட்டர் உத்தியோகம், மூன்றாம் கைக்கு வந்த கார்.

"நேரா வால்டர் வீட்டுக்கே ட்ரைவ் பண்ணிடறேன் மாமா. ஃப்ரீவேல ஏறினா அரை மணி நேரந்தான்."

ஃப்ரீவேயில் ஏறின கொஞ்ச நேரத்தில் ஏசியிலிருந்து ஒரு முனகல் வந்தது, பிறகு அதுவும் நின்றது.

"கம்ப்ரசர் போச்சுங் மாமா. ஜன்னலை எறக்கிக்குங்க."

இறக்கினால் அடுப்பங்கரைப் புகைக்கூண்டில் தலையை விட்டது போலக் காற்று. முன்னால் ஏதோ விபத்து, வண்டிகள் நகரவில்லை. வியர்வையில் சட்டை ஒட்ட, பெட்டியிலிருந்து துண்டை எடுத்தேன். அப்போது அரக்கு டப்பாவை வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தேன். வைத்ததையே மறந்தேன். வால்டர் வீட்டு வாசலில் இறங்கித் திறந்தால், வில்லை உருகிப் பஞ்சோடு பஞ்சாக அப்பிக்கொண்டிருந்தது. குதிரையும் இல்லை, வீரனும் இல்லை.

"ஸாரிங் மாமா," என்றான் மணி, தானே உருக்கின மாதிரி.

"விடு. இருபது வருஷமாப் பாத்த காசு. கண்ணை மூடினாத் தெரியும்," என்றேன். பெருமைக்குச் சொல்லவில்லை, நிஜம்.

வால்டர் கதவைத் திறந்தார். நெடிய ஆள், கண்ணாடி பாட்டில் அடி மாதிரி கனம். கையைப் பிடித்துக் குலுக்கி, டூனா மீன் சாண்ட்விச் கொடுத்து, மெட்ராஸில் தான் சாப்பிட்ட ரசத்தைப் பற்றி விஸ்தாரமாகப் பேசினார். மணிக்கு இரண்டு சாண்ட்விச் உள்ளே போயிற்று. எனக்கு ஒரு வாய்கூட இறங்கவில்லை. பொறுக்க முடியாமல், "காசு?" என்றேன்.

அவர் முகம் பிரகாசமாயிற்று. "கொடுத்துவிட்டேன்!"

"யாருக்கு?"

"உங்கள் கடவுளுக்கு."

வசந்தத்தில் நான் வராததால், இனி வரமாட்டேன் என்று நினைத்துவிட்டாராம். அடுத்த வீட்டில் சாந்தி என்ற தமிழ் அம்மாள். ஊருக்கு வெளியே நம்மவர்கள் புதிதாகக் கட்டியிருக்கும் பிள்ளையார் கோயிலில் பிரதிஷ்டை. சிலையை நிறுத்துவதற்கு முன்னால் பீடத்தின் அடியிலுள்ள குழியில் யந்திரத் தகடு, நவரத்தினம், இவற்றோடு ஒவ்வொரு குடும்பமும் ஒரு செம்புக் காசு போட வேண்டும் என்று குருக்கள் சொல்லியிருக்கிறார். பென்னியைப் போடலாம் என்று கமிட்டி முடிவு பண்ணியது. வேலியருகே நின்று சாந்தி அம்மாள் இதைச் சொன்னபோது வால்டர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 'பென்னி செம்பே இல்லை, உள்ளே துத்தநாகம், மேலே செம்பு முலாம்' என்று போட்டு உடைத்துவிட்டார். சாந்தி அம்மாள் வெலவெலத்துப் போனார். பிள்ளையார் அடியில் முலாம் பூசிய காசா? நம் ஊர்ப் பைசாவை நினைத்தால் அது அலுமினியம், எவர்சில்வர். அப்போதுதான் வால்டர் தன் பொடிக்காசு டப்பாவை எடுத்து நீட்டியிருக்கிறார்.

"எல்லாம் அசல் செம்பு. உங்கள் ஊரிலிருந்து வந்தவை. உங்கள் கடவுளிடமே போகட்டும் என்று நினைத்தேன்," என்றார். அந்த முகத்தைப் பார்த்துக் கோபப்பட முடியவில்லை.

"எப்போது பிரதிஷ்டை?"

"நாளை காலை."

மணி சாந்தி அம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினான். பூட்டு. கோயிலில் இருப்பார்கள் என்றார் வால்டர். காசுகளும் அங்கேதான். சிலையை நிறுத்திச் சுற்றிலும் அஷ்டபந்தன மருந்து வைத்து இறுக்கிவிட்டால், அடுத்த கும்பாபிஷேகத்துக்குத்தான் திறப்பார்கள். பன்னிரண்டு வருஷம். அப்போது நான் இருப்பேனோ இல்லையோ, அந்தப் பேராசிரியர் இருப்பார்.

"சாமிக்குன்னு எடுத்து வச்சதைத் திருப்பிக் கேக்க முடியாதுங் மாமா," என்றான் மணி. எனக்கும் தெரியும். சாமி சொத்தில் கை வைத்தவன் என்ற பெயரோடு ஊர் திரும்ப நான் தயாரில்லை.

வால்டர் உள்ளே போய் இரண்டு பென்னிகளோடு வந்தார். ஒன்றை மேஜைக் கண்ணாடிமேல் போட்டார், 'டொக்' என்றது. இன்னொன்றைப் போட்டார், கணீர் என்று பாடியது. "1982-க்கு முந்தைய பென்னி. இது செம்பு. இது மாதிரி ஒன்றைக் கொடுத்துவிட்டு உங்கள் காசைக் கேளுங்கள். செம்புக்குச் செம்பு."

அந்தக் கணீர்ப் பென்னியைக் கேட்டதற்கு, அது தன் அதிர்ஷ்டக் காசு என்று பையில் போட்டுக்கொண்டார். ஆகவே அன்று சாயங்காலம் ஹில்கிராஃப்ட் என்ற இந்தியக் கடைத்தெருவில் நான் செய்த வேலை, ஒரு குஜராத்திக்காரர் மளிகைக் கடையில் பென்னி பொறுக்கியது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு. மிச்சப் பென்னியை அதில் போட்டுவிட்டுப் போவார்கள், ஒரு பென்னி குறைகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நல்ல வழக்கம். நான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு ஒவ்வொன்றாக வருஷம் படித்தேன். பின்னால் வரிசை வளர்ந்தது. அரிசி மூட்டை வண்டியோடு நின்ற ஒரு தமிழ் அம்மாள் தன் கணவரிடம் கிசுகிசுத்தார்.

"பாவங்க, ஊர்லேருந்து இப்பதான் வந்திருக்கார் போல. ஒரு டாலர் குடுத்துடுங்களேன்."

"சும்மா இரு, அவருக்குத் தமிழ் தெரிஞ்சிருக்கப் போகுது."

தெரியும் என்று நான் காட்டிக்கொள்ளவில்லை. கடைக்காரர் மட்டும் தட்டைத் தன் பக்கம் இழுத்து, "பாய், எல்லாம் ஒரே காசுதான்," என்றார். அதற்குள் எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. மணி மானம் போன முகத்தோடு பக்கத்து ஓட்டலில் மசால் தோசை வாங்கிக் கொடுத்தான். உருளைக்கிழங்கை யாரோ கோபத்தில் மசித்தது போலக் குழைந்திருந்தது.

காலையில் கோயில். கோபுரம் இன்னும் எழும்பவில்லை. தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகை, வெளியே கார்கள் நிற்கப் பரந்த மைதானம். ஹோமப் புகைக்கு அலறிவிடாமல் இருக்கத் தீ எச்சரிக்கைக் கருவிகளை முறையாகச் சொல்லி அணைத்திருந்தார்களாம். அப்படியும் ஒரு தீயணைப்பு வண்டி வந்து, இரண்டு ஆட்கள் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, கையில் கொடுத்த சர்க்கரைப் பொங்கலை ஆராய்ந்துகொண்டே போனார்கள். பட்டுப்புடவைக்கு மேலே வீடியோ கேமராப் பை, வேட்டிக்குக் கீழே ஸாக்ஸ். வால்டர் கோட்டும் டையும் போட்டு, நெற்றி நிறைய விபூதியோடு முன்வரிசையில் நாற்காலியில் இருந்தார்.

சாந்தி அம்மாளைக் கண்டுபிடித்து விஷயத்தைச் சொன்னேன். சென்னைக்காரர், படபடவென்று பேசுகிறவர். கரூரிலிருந்து ஒரு காசுக்காகவா வந்தீர்கள் என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியாதே சார்! தெரிஞ்சிருந்தா வச்சிருப்பேனே. இருங்க, குருக்களைக் கேட்டுடலாம்."

குருக்கள் பிள்ளையாருக்கு மருந்து இடிபடுவதை மேற்பார்த்துக்கொண்டிருந்தார். நான் நீட்டிய பென்னிகளைப் புரட்டி, அதிலிருந்த லிங்கன் தலையைப் பார்த்தார். "தாம்ரமா இருந்தா போறும். ரோம் ராஜாவும் ஒண்ணுதான், லிங்கன் ராஜாவும் ஒண்ணுதான். குழியில போடறதுக்கு முன்னாடி மாத்திக்கலாம், பாதகமில்லே. சீக்கிரம் ஆகட்டும், முகூர்த்தம் தப்பிடும்."

உயிர் வந்தது. சாந்தி அம்மாள் ஓடிப்போய், மஞ்சள் துணி மூடிய தட்டோடு திரும்பினார். "வால்டர் அங்கிள் குடுத்ததெல்லாம் இதுலதான் இருக்கு சார்," என்று துணியை விலக்கினார்.

தட்டு நிறையப் பளபளவென்று சிவப்பு. நேற்று கடையில் வாங்கின புதுக் குடம் மாதிரி.

"என்னம்மா பண்ணினீங்க?"

"புளி போட்டு ஊற வச்சுத் தேச்சேன் சார். சாமிக்குப் போறது, அவ்வளவு அழுக்கோட எப்படிப் போடறது? வீட்ல செம்பு, பித்தளை எல்லாத்துக்கும் அதானே? ரெண்டு நாள் கை எரிச்சல் போகலை," என்று விரல்களைக் காட்டினார்.

பதினாறு நூற்றாண்டுப் பச்சை, ஹூஸ்டன் ஸிங்க்கில் போய்விட்டது. கொலைவெறி வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்தப் பிசுபிசுத்த, வெந்த விரல்களைப் பார்த்துவிட்டு என்ன சொல்ல? பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தேன். ஐந்தாறு காசு தள்ளியதும் குதிரை வந்தது. பின்னங்காலிலிருந்து விளிம்புக்கு மயிரிழைக் கோடு. அதே கோடு, அதே வளைவு. வீரனின் முழங்கையில் அதே முடிச்சு. என் காசின் கூடப்பிறந்தது, சந்தேகமே இல்லை.

முதுகைப் பார்த்தேன். சேணம் இருந்தது. சேணத்துக்கு மேலே ஒன்றுமில்லை. முதுகு நேராக, அழகாக இறங்கி வாலில் முடிந்தது.

தேய்த்ததில் போய்விட்டதோ என்று பிடரியைப் பார்த்தேன். மயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. அத்தனை நுணுக்கத்தை விட்டுவைத்த புளி, திமிலை மட்டும் தின்றிருக்காது. புளி களிம்பைத்தான் கரைக்கும். அதாவது இந்த அச்சில் திமில் என்று ஒன்று இருந்ததே இல்லை. கோவைக் கூட்டத்தில் யாரோ 'ம்மா' என்று கத்தியது காதில் கேட்டது.

"நீங்க தேடினது இதுதானா சார்?" என்றார் சாந்தி அம்மாள், முகமெல்லாம் சிரிப்பாக.

"இதேதாம்மா."

"அப்ப எடுத்துக்கோங்க சார். பென்னியைப் போட்டுடலாம்."

குருக்கள் கையைச் சொடுக்கினார். வரிசை முதுகில் நெருக்கியது. நான் காசைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பிறகு, "வேண்டாம்மா. சாமிக்கு வச்சது சாமிக்கே போகட்டும்," என்றேன். கேட்டவர்களுக்கு என் பக்தி பெரிதாகப் பட்டிருக்கும். சாந்தி அம்மாள் கண் கலங்கி, உங்கள் கையாலேயே போடுங்கள் என்றார். போட்டேன். பென்னிகளையும் போட்டேன். நவரத்தினத்துக்கும் அரிசிக்கும் நடுவில் எது எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை. எட்டுப் பேர் சேர்ந்து பிள்ளையாரைத் தூக்கி நிறுத்தினார்கள். மருந்தை வைத்து இடித்து இறுக்கினார்கள்.

மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு நிம்மதியாக இருந்தது. பேராசிரியர் இங்கே வந்து பிள்ளையாரைப் பெயர்க்கப் போவதில்லை. என் கட்டுரை பிழைத்தது. திமில் பிழைத்தது. சாகும்வரை சொல்லிக்கொண்டே இருக்கலாம்.

வெளியே பந்தலில் வால்டர் என் தோளைப் பிடித்தார். "சொல்லுங்கள், சொல்லுங்கள். திமில் இருந்ததா?"

கண்ணாடிக்குப் பின்னால் அந்தக் கண்கள் பூதாகாரமாக இருந்தன. இருந்தது என்று சொன்னால் நம்பிவிடுவார். நல்ல மனுஷன், நாலு பேருக்குச் சந்தோஷமாக எழுதியும் போடுவார்.

"இல்லை," என்றேன்.

"ஆனால் உங்கள் காசில் இருக்கிறதல்லவா?"

"இருக்கிறது. இன்னும் இருக்கிறது."

அவ்வளவுதான் பேசினோம். பொங்கல், வடை, கொத்சு என்று இலையில் விழுந்துகொண்டே இருந்தது. கொத்சு பிரமாதம் என்று மணி மூன்று தரம் வாங்கினான். எனக்கு எதுவும் ருசிக்கவில்லை.

மணி வீட்டுக்கு வந்ததும் போன் கார்டு கேட்டேன். அங்கே இரவுச் சாப்பாடு முடிந்த நேரம். நீளமாக எண்களை அழுத்தியபின் சரசு எடுத்தாள்.

"ஏனுங்க, நல்லா இருக்கறீங்களா? சாப்டீங்களா?"

"ஆச்சு, ஆச்சு. சரசு, பீரோல மேல்தட்டுல அந்தக் குதிரைக் காசு இருக்குதில்ல?"

"தொட்டாக் கையை ஒடிச்சுப் போடுவேன்னு சொல்லுவீங்களே, அதுங்களா?"

"அதேதான். அதை எடுத்துப் புளித்தண்ணில போடு. ஊறட்டும். அப்புறம் குதிரை முதுகை நல்லாத் தேச்சுப் பாரு."

"ஏனுங்க," என்றாள் மெதுவாக, "உடம்பு கிடம்பு சரியில்லைங்களா? மணியைப் பேசச் சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. சொன்னதைச் செய். கொஞ்ச நேரங் கழிச்சுக் கூப்பிடறேன்."

மணி டிவியைப் போட்டான், அணைத்தான். நான் ஜன்னல் வழியாகக் கார் நிறுத்தும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம், கூப்பிட்டு நிறுத்தச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை போனை எடுத்து வைத்தேன். ஒருவேளை அச்சு புதிதாக இருந்தபோது வால்டரின் காசை அடித்து, பிறகு அச்சில் திமிலைச் செதுக்கி என் காசை அடித்திருக்கலாமே என்றுகூட ஒரு யோசனை ஓடியது. ஆசை எதையெல்லாம் யோசிக்க வைக்கிறது பாருங்கள். அச்சு விரிசல் அடிக்க அடிக்க வளரும், இங்கே கோடு இரண்டிலும் ஒரே நீளம். அந்த யோசனை தேறாது.

மறுபடி அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். குரலில் அப்படியொரு உற்சாகம், கல்யாணமான புதிதில் கேட்டது.

"ஏனுங்க, முதுகு மேல கட்டியாட்டம் ஏதோ ஒட்டிக்கிட்டு இருந்துதுங்க. கட்டைவிரல்ல ஒரு அழுத்து அழுத்தினேன், பொட்டுன்னு பேந்துக்கிட்டு வந்துருச்சு. இப்பப் பாக்கோணுமே! இத்தனை வருசமா இதைப் போயி அழுக்கோட பூட்டி வெச்சிருந்தீங்களே!"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"கேக்குதுங்களா?"

"கேக்குது," என்றேன். "குதிரை நல்லா இருக்குதா சரசு?"

வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள் போலிருக்கிறது. பிறகு சொன்னாள்.

"கீழ விழுந்து கெடக்குதுங்க, பாவம். ஆனா நல்ல குதிரைங்க."